1923-க்குக் கீழே அறுபத்தேழு

ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரு தங்கக் காசு எஸ்கிஷெஹிர் ஊரைப் பாதி சுற்றி, இரண்டு கல்யாணத்தில் விருந்து சாப்பிட்டு, கைகோத்து ஆட்டமும் ஆடிவிட்டு, பொழுது சாய்வதற்குள் குளிப்பதற்கு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு வரவில்லை. அதுவாகத்தான் வந்தது.

இதைச் சொன்னால் ரயில்வேயில் என்னோடு டிக்கெட் பரிசோதித்தவர்கள் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பனிக்காலத்தில் ஓர் ஓநாய் அங்காரா வண்டியில் ஏறி என்னிடம் ஒழுங்காக டிக்கெட் காட்டியது என்று சொன்னபோதும் நம்பாதவர்கள்தானே.

எங்கள் பேத்தி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

என் அக்கா முபெர்ரா எங்கள் அம்மாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் இழுத்தாள். என் மனைவி நெசாஹத் ஒரு பெயரை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு மறுபக்கம் இழுத்தாள். பெற்றவர்களான எங்கள் மகன் டோல்காவையும் மருமகள் இல்கினையும் யாரும் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை எல்லோரும் ‘இது’ என்று கூப்பிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ‘இது’வுக்கு இருபதாம் நாள் குளியல். நாற்பதாம் நாளுக்கு முன்னால் வருகிற பாதி நாற்பது. தண்ணீரில் ஒரு தங்கக் காசைப் போட்டு, அந்தத் தண்ணீரைக் குழந்தையின் தலையில் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

எந்தக் காசு என்பதில் நெசாஹத்துக்குச் சந்தேகமே கிடையாது. டோல்கா குளித்த தண்ணீரில் கிடந்த அதே தங்கக் கால் காசு. டோல்கா பிறந்த கையோடு நெசாஹத்தின் அப்பா கடைவீதிக்கு ஓடிப் போய் வாங்கி வந்து பேரனின் சட்டையில் குத்தியது. மனிதர் இப்போது இல்லை. காசு இருக்கிறது. அதாவது, அன்று காலை வரைக்கும் இருந்தது.

எங்கள் நாட்டுத் தங்கக் காசுக்கு ஒரு குறும்பு உண்டு. எந்த வருஷம் அச்சடித்தாலும் அதில் 1923 என்றுதான் இருக்கும். குடியரசு பிறந்த வருஷம். அதற்குக் கீழே பொடியாக ஓர் எண். இரண்டையும் கூட்டினால்தான் அச்சான வருஷம் வரும். சுல்தான்கள் காலத்துக் காசிலும் அப்படித்தான். சுல்தான் பட்டத்துக்கு வந்த வருஷம் ஓரிடத்தில், அவர் ஆண்ட வருஷக் கணக்கு இன்னோரிடத்தில். சுல்தான்கள் போய்விட்டார்கள், இஸ்தான்புல் அச்சுச்சாலை அந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

பெட்டியில் பூட்டி வைப்பவர்களுக்கென்று தடிமனாக ஒரு வகை அடிக்கிறார்கள். நெஞ்சில் குத்திக்கொள்பவர்களுக்கென்று மெல்லிசாக, அகலமாக, வளையம் வைக்கத் தோதாக இன்னொரு வகை. இரண்டுமே இருபத்திரண்டு காரட். முழுசு, அரை, கால் என்று இறங்கும். மேலே போனால் ஐந்து காசை ஒரே காசாக அடித்த பெரிய தட்டு ஒன்று உண்டு. அதைக் கழுத்தில் போட்ட மணப்பெண்கள் மூன்று நாளைக்கு நிமிர முடியாமல் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் குடும்ப மானம் இருப்பதெல்லாம் அந்தப் பொடி எண்ணில்தான். இந்த வருஷத்து எண் என்றால் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய எண் என்றால், யாரோ உங்களுக்குக் குத்தியதை அலமாரியிலிருந்து உருவி இங்கே குத்துகிறீர்கள். கடைக்காரரும் பழசுக்கு ஒரு பிடி குறைத்துத்தான் தருவார்.

அதனால்தான் நெசாஹத் சனிக்கிழமையே தாஷ்பாஷிக் கடைவீதிக்குப் போய், மறுநாள் கல்யாணத்தில் குத்துவதற்கென்று தொண்ணூற்றாறு எண் போட்ட புத்தம்புதுக் கால் காசு ஒன்று வாங்கி வந்தாள். ஞாயிறு நகைக்கடைகள் மூடியிருக்கும்.

காலையில் அலமாரியில் காசு இருக்கிறது, எடுத்து என் கைப்பையில் போடுங்கள் என்றாள். போட்டேன்.

கல்யாணம் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி ஷுக்ரானின் மகனுக்கு. ஒலிபெருக்கிக்காரன் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, குத்தியதையும் சொன்னான். எங்கள் முறை வந்தது. நெசாஹத் மணப்பெண்ணின் தோளில் தொங்கிய சிவப்பு நாடாவில் காசைக் குத்தினாள். கண்ணாடி போட்டால் கிழவி போல் தெரிகிறது என்று அன்றைக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

பக்கத்தில் வெல்வெட் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷுக்ரான் கட்டைவிரலால் காசைப் புரட்டினாள்.

“அறுபத்தேழு,” என்றாள் சிரித்துக்கொண்டே. “உங்க வீட்டு அலமாரி ரொம்ப ஆழம்போல, நெசாஹத் அம்மணி.”

நெசாஹத் சிரித்தபடியே மேடையிலிருந்து இறங்கினாள். கடைசிப் படியில் சிரிப்பு நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றும் அறுபத்தேழும் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டாள். டோல்கா பிறந்த வருஷம்.

“ஏங்க, எந்தக் காசை எடுத்தீங்க?”

“புது ரிப்பன் கட்டினதை.”

“அந்தப் புது ரிப்பன் குழந்தைக்குன்னு நான் ராத்திரி கட்டினதுங்க.”

நான் அதற்கு, ரிப்பனைப் பார்த்துத்தானே புதுசு பழசு தெரியும், முப்பது வருஷம் டிக்கெட் பார்த்த கண்ணாக்கும் இது என்று நியாயம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் மேசையிலிருந்த எலுமிச்சைச் சாறு கொதித்தது. மிகைப்படுத்தவில்லை; ஆவி வந்தது.

குத்திய காசைத் திருப்பிக் கேட்பது என்பது எங்கள் ஊரில் கிடையாது. பெண் கொடுத்தவன் பெண்ணைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பான். மாற்றத்தான் முடியும்: புதுசை நீட்டி, ‘தவறிப் போச்சு, இதுதான் உங்களுக்கு வாங்கினது’ என்று மரியாதையாக மாற்றிக்கொள்ளலாம். புதுக் காசு வீட்டில் இருந்தது. டாக்சி பிடித்தோம். போர்சுக் ஆற்றுப் பாலத்தில் இன்னொரு கல்யாண ஊர்வலம் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தது. எங்கள் டாக்சிக்காரனும் உற்சாகமாகி அவர்களோடு சேர்ந்து ஹாரன் அடித்தான். நெசாஹத் தன் வாழ்க்கையில் இதுவரை சொல்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னாள்.

தொண்ணூற்றாறோடு திரும்பி வந்தபோது ஷுக்ரானுக்குப் பரம சந்தோஷம். தாராளமாய் மாற்றிக்கொள்வேனே என்றாள். ஆனால் அந்தக் காசு கையில் இல்லை. அவளுடைய தங்கை குஸின் அவசரமாக வேறொரு கல்யாணத்துக்குக் கிளம்பினாளாம், காசு வாங்க மறந்துவிட்டாளாம், கடையெல்லாம் மூடல். கைமாற்றாக ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன் என்றாள்.

“எதைக் கொடுத்தீங்க?”

“பழசத்தான். புதுசக் குடுப்பாங்களா யாராவது?”

எந்த மண்டபம் என்று கேட்டோம். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் என்றாள். ஊரின் அந்தக் கோடி.

போகிற வழியில்தான் முபெர்ரா அக்கா போன் செய்தாள். குளியல் எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானாக இருக்க மாட்டேன். முழுக் கதையையும் சொன்னேன், கொஞ்சம் மசாலா சேர்த்து. அக்கா சிரித்த சிரிப்பு ஒலிபெருக்கி போடாமலேயே டாக்சி முழுக்கக் கேட்டது. அவள் பக்கமும் மேளச் சத்தம். அன்றைக்கு ஊரில் கல்யாணத்துக்குப் போகாதவர்கள் மருத்துவமனையில் மட்டும்தான் இருந்திருப்பார்கள்.

“போன காசு வருமாடா?” என்றாள். “அவகிட்ட சொல்லு. அந்தக் காசு இன்னிக்கு ராத்திரிக்குள்ள வீடு வந்து சேர்ந்தா, குழந்தைக்கு அவ இஷ்டப்பட்ட பேரை வைக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

நெசாஹத் போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“வார்த்தை மாறக் கூடாது, அண்ணி.”

“நான் என்னிக்கு மாறினேன்? வராதும்மா. முதல்ல அதைக் கண்டுபிடி.”

போன் வைத்த பிறகு நெசாஹத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவின் காசும் பேத்தியின் பெயரும் ஒரே முடிச்சில் விழுந்துவிட்டன. டாக்சிக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவனுக்கும் ஒரு மனைவி இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது மண்டபத்தில் எங்களுக்கு யாரையும் தெரியாது. தெரியாதவர்கள் உள்ளே வந்தால் மணமகள் வீட்டார் மணமகன் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், மணமகன் வீட்டார் மணமகள் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் எங்களுக்கு பக்லவா இனிப்பு கொடுத்தார்கள். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். மேடைக்குப் போகும் வழியை ஆட்டக்காரர்கள் வளைத்து நின்றார்கள். சுண்டுவிரலைச் சுண்டுவிரலில் கோத்து ஆடும் அந்த வரிசையில் யாரோ நெசாஹத்தை இழுத்துவிட்டார்கள். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாத என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பையோடு, மண்டபத்தை முழுசாக ஒரு சுற்று ஆடித்தான் மேடைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மணப்பெண்ணை முத்தமிடுகிற சாக்கில் நாடாவைப் பார்த்தாள். நாடா காலி.

மணமகனின் அம்மா பெல்கிஸ் ஓடி வந்து யார், என்ன வேண்டும் என்று கேட்டாள். நெசாஹத்துக்கு அதற்கு மேல் நடிக்கத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னாள். அப்பாவைச் சொன்னாள், குளியலைச் சொன்னாள், என்னையும் மறக்காமல் சொன்னாள். பெல்கிஸ் நல்ல மனுஷி. என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்களை உடை மாற்றும் அறைக்கு அழைத்துப் போய், நாடாவிலிருந்து கழற்றிப் போட்ட காசுப் பையைக் கண்ணாடி மேசையில் கொட்டினாள்.

மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு காசாகப் புரட்டினோம். பெல்கிஸ் தன் கண்ணாடியை நெசாஹத்திடம் கொடுத்தாள். எண்பத்தொன்று, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு. யார் யார் அலமாரியிலிருந்து உருவினார்கள் என்று பெல்கிஸுக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு பழைய எண்ணுக்கும் ‘ஓஹோ’ என்றாள். அந்தக் குடும்பத்தில் அடுத்த ஆறு மாதத்துக்கான சண்டையை நாங்கள் அரை மணியில் கிளப்பிவிட்டோம்.

அறுபத்தேழு இல்லை.

பெல்கிஸ் நெற்றியைத் தட்டிக்கொண்டாள். ரெண்டு மூணு பேருக்குக் கைமாற்றாகக் கொடுத்தேனே என்றாள். ஒருவர் ராணுவத்துக்குப் போகும் பையனுக்குக் குத்த வேண்டும் என்று கேட்டார், ஒருத்தி ஏதோ குழந்தையைப் பார்க்கப் போகிறேன் என்றாள், இன்னொருவர் என்ன சொன்னார் என்றே காதில் விழவில்லை. மேளச் சத்தத்தில் எதை யாருக்குக் கொடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன் என்றாள்.

“நாளைக்கு எனக்கெதுக்கு?” என்றாள் நெசாஹத், மிக மெதுவாக.

வீடு வரும்வரை அவள் என்னைத் திட்டவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் இல்கின் வந்தவர்களுக்கென்று சிவப்பு ஷெர்பத் காய்ச்சி வைத்திருந்தாள். டோல்கா வெந்நீரை விளாவிக்கொண்டிருந்தான். நெசாஹத் புதுக் காசைப் பையிலிருந்து எடுத்தாள், அதற்கு ஒரு ரிப்பன் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள். அது என்னவோ நேற்றைக்கு வந்த காசு. அதற்கு டோல்காவைத் தெரியாது, அவள் அப்பாவைத் தெரியாது.

அழைப்பு மணி அடித்தது. முபெர்ரா அக்கா. மணப்பெண்ணின் முக்காடு இல்லாத குறைதான், மற்ற எல்லா அலங்காரமும் இருந்தது. நேராகக் குழந்தையிடம் போய், அவளை எங்கள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொஞ்சினாள். வேண்டுமென்றேதான்.

“வரலையா?” என்று நெசாஹத்தைக் கேட்டாள்.

“வரல.”

“அதான் சொன்னேனே. விடு, என் காசு இருக்கு.” கைப்பையிலிருந்து கண்ணேறு படாமலிருக்க நீல மணி கோத்த ஒரு கால் காசை எடுத்தாள். “வீட்டுக்குப் பெரியவ போடறதுதான் முறை.” மணியை அவிழ்த்துக் குழந்தையின் சட்டையில் குத்தினாள். காசைச் செம்புப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டாள். அது ‘டிங்’ என்று அடியில் போய் உட்கார்ந்தது.

குளியல் நடந்தது. ‘இது’ ஊர் கேட்க அழுதது. அக்கம்பக்கத்து மூன்று மாடிக்காரர்களும் வந்து பார்த்தார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டு மாடிக்காரர்கள்தான் வந்தார்கள். இல்கின் குழந்தையைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டாள். நெசாஹத் பாத்திரத்துக்குள் கைவிட்டுக் காசை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த துண்டில் துடைத்தாள்.

துடைத்துக்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது.

கண்ணாடியை எடுத்துப் போட்டாள். புரட்டினாள். பிறகு காசை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

1923. கீழே அறுபத்தேழு.

“அண்ணி, இதை எங்க வாங்கினீங்க?”

அக்காவுக்குக் கொஞ்சம் சங்கடம். வாங்கவில்லை, கடை ஏது இன்றைக்கு, மறைந்த அத்தான் வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், மணமகனின் அம்மாவிடம் கைமாற்றாகக் கேட்டு வாங்கினேன், நாளைக்குப் புதுசு வாங்கிக் கொடுத்துவிடுவேன் என்றாள். எந்த மண்டபம் என்று நான் கேட்டேன். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மகிழ்ச்சியில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை; டோல்கா என் தோளைப் பிடித்திராவிட்டால் கூரையில் முட்டியிருப்பேன்.

“அப்பாவோட காசு,” என்றாள் நெசாஹத்.

“ஆமா, வந்துடுச்சாக்கும்,” என்றாள் அக்கா கேலியாக. “அச்சுச்சாலையில ஒரு வருஷத்துக்கு ஒண்ணா அடிக்கிறான்? லட்சம் லட்சமா அடிக்கிறான். அறுபத்தேழுன்னு போட்டதெல்லாம் உன் அப்பா காசா?”

“எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லல. ஓரத்துல தடவிப் பாருங்க. ரெண்டு பள்ளம். டோல்காவுக்குப் பல் முளைக்கிறப்போ கடிச்சது. இருபத்தொம்பது வருஷமா நான் தடவித் தடவிப் பார்த்த பள்ளம், எனக்குத் தெரியாதா?”

டோல்காவுக்குக் காது சிவந்துவிட்டது. தாய்க்குலம் நாலு பேர் முன்னால் தன் பால்பல்லைப் பற்றிப் பேசினால் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் சிவக்காது?

“எந்தக் குழந்தைதான் காசைக் கடிக்காது,” என்றாள் அக்கா. “பள்ளமில்லாத கால் காசை நீ எனக்குக் காட்டு.”

நெசாஹத்துக்குக் காசு கிடைத்துவிட்டது. இனி யார் நம்பினால் என்ன என்பது போல் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். ஆனால் அவள் கண் குழந்தை மேல் இருந்தது. பெயரின் சங்கதி அக்காவின் வாயில் இருக்கிறது. அக்கா ‘இல்லை’ என்று சொன்னால் இல்லைதான். அதை மறுக்க இந்த உலகத்தில் சாட்சி கிடையாது.

“பேரு விஷயத்துல நான் ஒண்ணு சொல்லணும்,” என்றாள் இல்கின், குழந்தையைத் துவட்டிக்கொண்டே. இருபது நாளில் முதல் தடவையாக.

“இரும்மா, ஒரு நிமிஷம்,” என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். என்ன சொல்ல வந்தாள் என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அக்கா கையை நீட்டினாள்.

“குடு, பார்க்கறேன்.”

ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், இறக்கினாள். சுண்டுவிரல் நகத்தை முதல் பள்ளத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டாவதில். ஷெர்பத் பாத்திரத்தில் கிராம்பு மிதக்கிற சத்தம் கேட்டது.

“டோல்கா கடிச்சதுன்னு யாரு சொன்னா உனக்கு?” என்றாள், திரும்பாமலே.

“வேற யாரு கடிப்பா?”

“பச்சைக் குழந்தைக்குப் பல் முளைச்சதும் இப்படியா பதியும்? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, கோணலா? இது முப்பத்தாறு வயசுப் பொம்பளை பல்லு.”

நெசாஹத்துக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய ஆரம்பித்தது. நான் டோல்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்க அப்பா குத்திட்டுப் போனாரே, அன்னிக்கு நீ தூங்கினதுக்கப்புறம் எடுத்துக் கடிச்சுப் பார்த்தேன்,” என்றாள் அக்கா. “பித்தளையா இருக்குமோன்னு. அவர் ஒண்ணும் வசதியானவர் இல்லையே.” காசை ஈரம் போக இன்னொரு தரம் துடைத்து, நெசாஹத்தின் கையைப் பிரித்து, அதில் வைத்தாள். “நல்ல தங்கம்தான். இது அந்தக் காசேதான். வந்துடுச்சு. எப்படி வந்துச்சுன்னு என்னைக் கேக்காதே, ஆனா வந்துடுச்சு.”